டாகர்ஃபால் பயணக் குறிப்புகள்: போகாமல் விட்ட ஒரு சந்திப்பு

நாள் 1

மலையேறப் போவதற்காக எடுத்த ஒன்பது நாள் விடுப்பு, மாடிப்படியில் கடைசிப் படியைக் கவனிக்காமல் காலை வைத்ததில் போயிற்று. வலது கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியிருக்கிறது, அம்மா போட்ட பற்று காய்ந்து இழுக்கிறது, கட்டி வைத்த பை கட்டியபடியே மூலையில் கிடக்கிறது. ஆனால் எங்கேயாவது நடந்தே தீர வேண்டும் என்ற வெறி மட்டும் அடங்கவில்லை. அதனால் 2009ல் பாதியில் விட்டுவிட்டு வந்த ஓர் இடத்துக்குத் திரும்பப் போகிறேன். ராத்திரி ராத்திரி அன்றன்று நடந்ததை எழுதிப் போடுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

இடத்தின் பெயர் இலியாக் விரிகுடா. அது இருப்பது ஒரு கம்ப்யூட்டர் கேமுக்குள். கேமின் பெயர் டாகர்ஃபால், 1996ல் பெத்தெஸ்டா வெளியிட்டது, எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் இரண்டாவது. ஸ்கைரிம் ஆடியவர்களுக்கு முறைப்படி தாத்தா. ஜூலியன் லெஃபே, டெட் பீட்டர்சன் என்ற இருவரின் மூளையில் உதித்த விஷயங்கள்தான் இதில் பாதி என்று சொல்வார்கள். லெஃபே 2025ல் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே இதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மனதில் ஒரு மூலையில் இருந்தது, கால் சுளுக்கியதும் சாக்கு கிடைத்தது.

2009 ஜூலையில் இதை இலவசமாகவே கொடுத்தார்கள். அப்போது இறக்கி, பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓட வைப்பதற்கே இரண்டு நாள் மெனக்கெட்டு, மூன்று வாரம் பைத்தியமாக ஆடி, ஒரு நாள் கோபத்தில் மொத்த ஃபோல்டரையும் அழித்தேன். ஏன் என்பதை அந்தக் கடிதம் வரும் நாளில் சொல்கிறேன். (கடிதம் வரும். அது எனக்குத் தெரியும்.)

இன்று ஆளை உருவாக்கியதோடு சரி. அதற்கே ஒன்றரை மணி நேரம். இந்தக் கேமில் நமக்கு வேண்டிய தொழிலை நாமே செய்துகொள்ளலாம்: இன்ன திறமை முதன்மை, இன்னது துணை, இன்ன உலோகத்தைத் தொடவே மாட்டான், இன்ன மிருகத்தைக் கண்டால் நடுங்குவான் என்று. பலவீனத்தைக் கூட்டினால் ஆள் சீக்கிரம் வளர்வான், சலுகையைக் கூட்டினால் மெதுவாக. ஓரத்தில் ஒரு குத்துவாள் படம் மேலும் கீழும் நகர்ந்து கணக்குக் காட்டும். 96ல் எவன் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தான் என்று இன்றைக்கும் வாய் பிளக்கலாம். அடுத்து நம் பூர்வீகத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. ஒரு கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னால் எபனி என்ற உயர்ந்த உலோகத்தில் செய்த குத்துவாள் ஒன்று கையில் வரும். அது எவ்வளவு முக்கியம் என்று நாளைக்குத் தெரியும்.

பெயர் கேட்ட இடத்தில் 'சுளுக்கு' என்று தட்டினேன். ஆங்கில எழுத்தில்தான், கேமுக்குத் தமிழ் தெரியாது.

நாள் 2

தொடக்கத்தில் ஒரு வீடியோ. நிஜ நடிகர் ஒருவர் பேரரசர் யூரியல் செப்டிமாக உட்கார்ந்துகொண்டு நம்மை அனுப்பி வைக்கிறார். இரண்டு வேலை: செத்துப்போன லைசாண்டஸ் ராஜாவின் ஆவி ஏன் டாகர்ஃபால் நகரைப் பிடித்து ஆட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அரசி மினிசெராவுக்குப் பேரரசர் எழுதி, போய்ச் சேராமல் தொலைந்த ஒரு கடிதம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். கப்பல் புயலில் கவிழ்கிறது. கண்ணைத் திறந்தால் பிரைவட்டீர்ஸ் ஹோல்ட் என்ற நிலவறை, முன்னால் ஒரு எலி.

வாளை வீச, வலது பொத்தானை அழுத்திக்கொண்டு மௌஸை இழுக்க வேண்டும். எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையில் வெட்டு. மேலிருந்து கீழே இழுத்தால் அடி பலமாக விழும், ஆனால் தவறவும் அதிக வாய்ப்பு. குத்தினால் படும், ஆனால் லேசாக. அறையில் நான் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு மௌஸை மேசை முழுக்கத் தேய்ப்பதைப் பார்த்த தங்கை, மேசையைத் துடைக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எலி செத்தது. கொஞ்ச தூரத்தில் அந்த இம்ப். குட்டிச்சாத்தான் மாதிரி சிறகடித்துப் பறக்கும், மந்திரம் எறியும். புதிதாக ஆடுகிறவன் இரும்பு வாளோடு அதை ஐந்து நிமிடம் வெட்டுவான், ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரும்பு அதன் மேல் படாது. அவன் செத்துத் தரையில் கிடப்பான். 2009ல் நான் நான்கு முறை கிடந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே, நம் கையில் இருக்கும் ஆயுதத்தால் தொடவே முடியாத ஒரு எதிரியைக் கொண்டுவந்து நிறுத்துவது தப்பான வடிவமைப்புதான், அதில் சந்தேகமே இல்லை. இந்த முறை எபனிக் குத்துவாளை எடுத்து இரண்டே குத்து.

எலும்புக்கூட்டின் சத்தம் மட்டும் இன்னும் பழகவில்லை. அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து தகரத்தைச் சுரண்டுவது போல வீறிடும். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது பனி. கேம் தொடங்கும் தேதி மூன்றாம் யுகம் 405, மார்னிங் ஸ்டார் மாதம், நம் கணக்கில் ஜனவரி. மரமெல்லாம் வெள்ளை. எரிக் ஹெபர்லிங் போட்ட அந்தப் பனிக்கால இசை, பழைய மிடி சத்தத்தில், சளி பிடித்த புல்லாங்குழல் மாதிரி ஒலித்தது. இதற்குத்தான் வந்தேன். சேவ் செய்துவிட்டுப் படுத்தேன்.

நாள் 3

இன்று காத்வே கார்டனில் இருந்தேன். பயண மேப்பைத் திறந்து ஊரைச் சொடுக்கினால் பத்திரமாகப் போகிறாயா வேகமாகப் போகிறாயா, விடுதியில் தங்குவாயா வெட்டவெளியில் படுப்பாயா, கப்பலா காலா என்று கேட்டு, இத்தனை நாள், இவ்வளவு காசு என்று கணக்குச் சொல்லும். நாள்கள் நிஜமாகவே கழியும். ஒப்புக்கொண்ட வேலைக்குக் கெடு இருந்தால் அதுவும் கூடவே கழியும்.

தெருவில் ஒருவரை நிறுத்தி ஃபைட்டர்ஸ் கில்ட் (போர்வீரர் சங்கம்) எங்கே என்று மரியாதையாகக் கேட்டேன். முறைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்னொருவர் 'வடமேற்கு' என்றார். மூன்றாவது ஆள் மேப்பில் குறித்தே கொடுத்தார். பணிவாகப் பேசுவதா, சாதாரணமாகவா, முரட்டுத்தனமாகவா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரிடம் எது எடுபடும் என்பது ஆளைப் பொறுத்தது. கில்டில் சேர்ந்து முதல் வேலை, ஒரு வீட்டில் எலி. அதை விடுங்கள்.

விடுதியில் கிடைத்த அடுத்த வேலைதான் விஷயம். கடத்தப்பட்ட ஒருவரை மீட்டுக் கொண்டுவர வேண்டும். இருக்கும் இடம் இன்னாருடைய பழைய குடிசையின் இடிபாடு என்று மேப் சொல்கிறது. குடிசைதானே என்று நினைப்பீர்கள். உள்ளே போனால் ஒரு தாலுகாவே இருக்கிறது. இந்தக் கேமில் நாலாயிரத்துக்கும் மேல் நிலவறைகள். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து செய்ய முடியாது என்பதால், முன்பே செய்து வைத்த அறைத் தொகுப்புகளை நிரல் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருக்கிறது. அதனால் குடிசைக்கு அடியிலும் கோட்டைக்கு அடியிலும் ஒரே மாதிரி ஒன்றரை மணி நேர இருட்டு. மேப்பைத் திறந்தால் முப்பரிமாண இடியாப்பம். அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, நான் எந்த இழையில் நிற்கிறேன் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு கரடி வந்துவிட்டது.

மூன்று நெம்புகோல், ஒரு ரகசியக் கதவு, தொட்டால் வேறெங்கோ தூக்கிப் போடும் ஒரு சுவர், தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுரங்கம். இத்தனைக்குப் பிறகு ஒரு படிக்கட்டில் இறங்கும்போது, தரையும் சுவரும் சேரும் மூலையில் கால் வைத்தேன். அவ்வளவுதான். கீழே விழுந்துகொண்டே இருக்கிறேன். அண்ணாந்து பார்த்தால் நான் நடந்து வந்த நிலவறை மொத்தமும் வெளிப்புறத்திலிருந்து தெரிகிறது, கழற்றிப் போட்ட கடிகாரத்தின் உள்பாகம் மாதிரி, இருட்டில் தொங்கிக்கொண்டு. அதன் ஒரு அறையில் ஒரு எலும்புக்கூடு அங்குமிங்கும் நடக்கிறது. என்னைப் பார்த்துத்தான் திரும்புகிறது, ஆனால் அதனால் வரமுடியாது, என்னாலும் போகமுடியாது.

இதற்கு மருந்து உண்டு, அதுவும் கேமைச் செய்தவர்களே கொடுத்தது. ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக நின்ற தரைக்கே திரும்ப வந்துவிடலாம். ஓட்டையை அடைக்க முடியவில்லை, ஏணி கொடுத்துவிட்டார்கள். பேட்ச் மேல் பேட்ச் போட்டு 213 என்ற எண்ணில் முடிகிற கடைசிப் பேட்ச் வரை போயும் இது தீரவில்லை. 'பக்கர்ஃபால்' என்று அந்தக் காலத்திலேயே பட்டப்பெயர்.

அந்த ஆளை நான் கண்டுபிடிக்கவே இல்லை. கெடு முடிந்துவிட்டது. இந்த விளையாட்டு அதற்காக என்னைத் திட்டவும் இல்லை.

நாள் 4

காலையில் முடிவெடுத்தேன், டாஸ் போதும். ரசிகர்கள் பல வருடம் உழைத்து இதே கேமை யூனிட்டி எஞ்சினில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், டாகர்ஃபால் யூனிட்டி என்று பெயர், அதுவும் இலவசம். பழைய சேவ் ஃபைலையே அதில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் சுளுக்கு செத்துப் பிறக்க வேண்டியிருக்கவில்லை. திரை தெளிவாகிவிட்டது, மௌஸ் இன்றைய கேம்களைப் போல நடந்துகொள்கிறது, மூலையில் கால் வைத்தால் விழுவதில்லை. நிலவறைகளைச் சின்னதாக்கும் ஒரு வசதியும் இருக்கிறது. அதை டிக் செய்தபோது கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான். இருந்தாலும் டிக் செய்தேன்.

மதியம் காத்வே கார்டனின் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது கடிதம் வந்தது.

லேடி பிரிசியன்னா. பேரரசரின் ஆள். இன்ன ஊரில் இன்ன விடுதியில் இருக்கிறேன், இந்தத் தேதிக்குள் வந்து பார் என்று.

2009லும் இதே கடிதம் வந்தது. எனக்குக் கேம் என்றால் ஒரு நினைப்பு இருந்தது: கதை எங்கேயும் ஓடிவிடாது, நாம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எப்போது போய் நின்றாலும் அந்த ஆள் அதே மேசையில் அதே கோப்பையோடு காத்துக்கொண்டிருப்பார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன். நினைவூட்டி இன்னொன்று வந்தது. அதையும் போட்டேன். கில்டில் பதவி உயர்ந்தது, நல்ல கவசம் வாங்கினேன், மூன்று வாரம் ஓடிவிட்டது, ஆவியைப் பற்றியோ அரசியைப் பற்றியோ எவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தேகப்பட்டு இணையத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கதை அங்கேயே, நான் எலி அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் முடிந்துவிட்டது. 'தோற்றாய்' என்று ஒரு திரை, ஒரு சத்தம், எதுவும் இல்லை. நான் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தேன்.

ஃபோல்டரை அழித்தது அன்றைக்குத்தான். இப்போது யோசித்தால், அதற்குப் பிறகு நூறு கேம் ஆடியிருப்பேன், கதையை முடித்த எத்தனையோ மறந்துவிட்டன. முடிக்காத இந்த ஒன்று மட்டும் பதினாறு வருடத்துக்கு மேல் நினைவில் உட்கார்ந்திருக்கிறது.

சரி. இந்த முறை போகிறேன். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நாள் 5

இதை எழுதுவதற்காகவே இந்தத் தொடரைத் தொடங்கினேன் என்று கூடச் சொல்லலாம். நடந்து போனேன்.

யாரும் நடப்பதில்லை. நடப்பதற்கான கேமே இல்லை இது. மேப்பின் அளவு 1,61,600 சதுர கிலோமீட்டர் என்று சொல்வார்கள். தமிழ்நாடு 1,30,000 சொச்சம், அதைவிடப் பெரியது. ஊரும் நிலவறையும் கோயிலும் பண்ணையுமாகச் சேர்த்து 15,000 இடங்கள். அடுத்து வந்த மாரோவிண்டைக் (2002) கையால் செதுக்கிய ஒரு தீவாகச் சுருக்கிவிட்டார்கள், இந்தப் பரப்பில் அது ஒரு கடுகு. இந்த 1,61,600ஐ நிரல் ஒரு தடவை வரைந்து, அதையே எல்லார் வட்டிலும் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் மேப்பும் என் மேப்பும் ஒன்றுதான். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் எதுவுமே வைக்கவில்லை. சாலைகூட இல்லை.

டாகர்ஃபால் நகருக்கு ஓரளவு பக்கமாக இருந்த ஒரு சிற்றூரிலிருந்து, கேமில் காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். திசைகாட்டியைத் தவிரத் துணை கிடையாது. முதல் பத்து நிமிடம் மேடு, பள்ளம், பனி, மரம். மரமெல்லாம் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையானவை. அவை எப்போதும் நம்மைப் பார்த்தே நிற்கும். சுற்றி வந்து பின்பக்கம் பார்க்கலாம் என்று ஒரு ஓக் மரத்தைச் சுற்றினேன், அதுவும் என்னோடு சேர்ந்து திரும்பியது, எத்தனை சுற்று சுற்றினாலும் அதே கிளை இடப்பக்கம், அதே பொந்து நடுவில். காட்டிலிருக்கும் அத்தனை மரமும் இப்படி நம் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை தோன்றிவிட்டால் அப்புறம் கொஞ்சம் கஷ்டம்.

இருபதாவது நிமிடம் சலித்துவிட்டது. எழுந்து நொண்டிப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். முப்பதாவது நிமிடம் ஒரு கரடி, ஓடித் தப்பித்தேன். நாற்பதாவது நிமிடம் என்ன ஆயிற்று என்றால், வெளிச்சம் மாறத் தொடங்கியது. இந்த உலகத்தில் நேரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டு மடங்கு வேகம், நான் உட்கார்ந்திருக்கும் நாற்பது நிமிடம் அங்கே எட்டு மணி நேரம். பனி நீலமாகிக்கொண்டே வந்தது, எதிரில் இருக்கும் மேடு எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியவில்லை, அந்த மேட்டுக்கு அப்பால் ஊர் இருக்குமா இல்லை திசை பிசகி நான் பாட்டுக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேனா என்று நிஜமாகவே வயிற்றில் ஒரு பயம். எந்தக் கேமிலும் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. மற்ற கேம்களில் மேட்டுக்கு அப்பால் கட்டாயம் ஏதாவது வைத்திருப்பார்கள், நம்மை ஏமாற்ற அவர்களுக்கு மனம் வராது. இங்கே மூன்று மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் இல்லாமல் போகலாம், அது உண்மையாகவே நடக்கும் என்பதால்தான் தூரத்தில் மதில் தெரிந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரவு எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. மதில் உள்ள ஊர்களில் மாலை ஆறு மணிக்கு அடைத்தால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள்.

வெளியே படுத்தால் ஓநாய். அதனால் மதில் மேல் ஏறினேன். இதுவும் 96ல் இருந்த வசதி, எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு ஏறலாம், ஏறுவது ஒரு திறமை, பழகப் பழக வளரும். என் ஆளுக்கு அதில் தேர்ச்சி கிடையாது. பாதி ஏறுவான், சறுக்குவான். ஏழாவது முயற்சியில் உச்சியைப் பிடித்து, அந்தப் பக்கம் குதித்து, பாதி உயிரோடு ஒரு சந்தில் விழுந்தான் சுளுக்கு.

அப்போதுதான் கேட்டது. "வெஞ்ஜன்ஸ்!" ஒரு கிழட்டுக் குரல், ஊர் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி. பழி! லைசாண்டஸ். இரவானால் அவனும் அவன் படையும் டாகர்ஃபால் தெருக்களில்தான் இருப்பார்கள். சந்தின் முனையில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. விடுதிக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும் என்பது மட்டும் நினைவிருந்தது, விடுதி எங்கே என்பது நினைவில்லை. கண்ட கதவையெல்லாம் தட்டிக்கொண்டே ஓடினேன், எல்லாம் பூட்டு. ஐந்தாவது தெருவில் பெயர்ப்பலகை. உள்ளே போனால் அடுப்பு, ஒரு பாட்டு, இரண்டு குடிகாரர்கள், வாடகைக்கு அறை.

மொத்தம் ஐம்பது நிமிடம். இந்த வருடத்தில் நான் போன ஒரே பயணம்.

நாள் 6

டாக்டரிடம் போய் வந்தேன், எலும்பில் ஒன்றுமில்லை, கட்டோடு இன்னும் சில நாள் இருக்கச் சொன்னார். கேம் பத்து நிமிடம்தான். கடையில் ஒரு சட்டை வாங்கினேன். நேற்று எழுதியதைப் படித்த நண்பன், ஒன்றுமே இல்லாத காட்டில் ஐம்பது நிமிடம் நடந்ததை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறாயே, அது பெருமையா குறையா என்று கேட்டான். குறைதான்டா என்றேன். சோம்பேறித்தனமாக விட்ட இடம், பொருள் வைக்க அவர்களிடம் ஆளும் இல்லை நேரமும் இல்லை. ஆனால் அங்கே நான் பயந்தது நிஜம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

நாள் 7

காசு விவகாரம். இங்கே தங்கக் காசுக்கு எடை உண்டு, நானூறு காசு ஒரு கிலோ. பணக்காரனால் ஓட முடியாது. அதனால் வங்கி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வங்கி, போட்டு வைக்கலாம், கடன் வாங்கலாம், காசைக் கொடுத்துவிட்டு உறுதிக் கடிதமாக வாங்கிக்கொள்ளலாம், கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். வீடு வாங்கலாம். கப்பலே வாங்கலாம்.

குதிரை வாங்கக் கடன் எடுத்தேன். திருப்பிக் கட்டாவிட்டால் இந்த நாட்டில் என் பெயர் கெடும், காவலர் "ஹால்ட்! ஹால்ட்!" என்று விரட்டுவார்கள், பிடித்தால் வழக்கு மன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, வாதாடுகிறாயா, பொய் சொல்கிறாயா என்று கேட்பார்கள். ஆனால் விரிகுடாவைத் தாண்டி சென்டினலுக்குப் போய்விட்டால் அங்கே நான் யோக்கியன். இருக்கும் நாற்பத்துச் சொச்சம் நாட்டிலும் ஒவ்வொன்றாகக் கடன் வாங்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

குதிரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பையில் இருக்கும். ஆமாம், சட்டை, மருந்து, குத்துவாள், குதிரை என்று பட்டியலில் வரிசையாக. விடுதிக்குள் நுழையும்போது கட்டிப்போட இடம் தேட வேண்டாம். நீதிமன்றம், வட்டி, எடை வரைக்கும் யோசித்தவர்கள் குதிரைக்கு வந்ததும் களைத்துவிட்டார்கள் போல.

கெடுவுக்கு நாலு நாள்தான் மிச்சம் என்று மாலையில்தான் பார்த்தேன். மேப்பைத் திறந்து பிரிசியன்னா சொன்ன ஊரைச் சொடுக்கினால், பத்திரமாகப் போனால் ஆறு நாள் என்கிறது. வேகமாக, வெட்டவெளியில் படுத்து, குதிரையோடு போனால் மூன்று. வேகமாகப் போகிறவன் போய்ச் சேரும்போது பாதி உயிரோடுதான் இருப்பான், இரவில் போய் இறங்கவும் வாய்ப்புண்டு. 2009ல் இதே கணக்கை ஒரு தடவையாவது போட்டிருந்தேனா என்று யோசித்தேன். போடவே இல்லை.

சரி என்று அழுத்தினேன்.

நாள் 8

இரவில்தான் போய் இறங்கினேன். மழை. நல்லவேளை, மதில் இல்லாத ஊர். தெருவில் ஆள் இல்லை, வழி கேட்க முடியவில்லை. விடுதிப் பெயர் கடிதத்தில் இருக்கிறது, ஊர் மேப்பில் கட்டிடங்கள் நிறத்தால்தான் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு விடுதியாகப் போய்ப் பலகையைப் படித்தேன். இரண்டாவது அதுதான்.

பிரிசியன்னா உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு தட்டையான படம். மரங்களைப் போலவே, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னைப் பார்த்தே நின்றாள். கொஞ்ச நேரம் சொடுக்காமல் அப்படியே நின்றேன். பின்னால் விடுதிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சொடுக்கினேன். ஒரு காகிதச்சுருள் விரிந்து எழுத்து வந்தது. குரல் கிடையாது, வீடியோ கிடையாது, சுருள் ஒன்று, அதில் சில பத்திகள். நீ பிழைத்து வந்ததில் மகிழ்ச்சி என்ற தோரணையில் ஆரம்பித்து, பேரரசர் சொன்ன வேலையைத் தொடங்கு, அரண்மனைகளில் நுழைய இன்னும் பெயர் சம்பாதிக்க வேண்டும் என்ற அளவில் முடிந்தது. மூடினேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதற்குப் பிறகு கதை எங்கே போகிறது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். கடைசியில் ஒரு பெரும் சக்தி நம் கையில் வரும், அதை யாரிடம் கொடுக்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும், ராஜாக்கள், ஒரு ஓர்க் தலைவன், சாவை வென்ற ஒரு மந்திரவாதி என்று போட்டி போட ஆள் நிறைய. எந்த முடிவை வைத்து அடுத்த கேமின் கதையைத் தொடர்வது என்று குழம்பியவர்கள், அத்தனை முடிவும் ஒரே நேரத்தில் நடந்தது, காலமே அங்கே முறுக்கிக்கொண்டது என்று பின்னால் வந்த கேமில் ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். இவ்வளவு துணிச்சலான சமாளிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்படியென்றால் நான் சந்திப்புக்குப் போகாமல் எலி அடித்துக்கொண்டிருந்த முடிவும் அதில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுளுக்குக்கு அறை எடுத்துக் கொடுத்தேன். ஒரு இரவு. காலையில் எழுப்பியபோது அவள் இல்லை.

நாள் 9

கட்டைப் பிரித்துத் தெருமுனைக் கடை வரைக்கும் நடந்து பார்த்தேன், மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. நாளை வேலைக்குப் போக வேண்டும். மலைக்குக் கட்டிய பையைப் பிரித்து டார்ச்சை எடுத்து அலமாரியில் வைத்தேன், மற்றதை அப்படியே விட்டுவிட்டேன்.

கடன் தவணை ஒன்றும் கட்டவில்லை. வங்கி இருப்பது டாகர்ஃபாலில், எனக்கு வேலை இருப்பது வேரெஸ்டில், அது விரிகுடாவின் அந்தக் கோடி. கப்பலில் போனால் சுளுவு. ஆனால் இந்தப் பக்கம் பனி விட்டுவிட்டது, காலை ஏழு மணி, குதிரை பையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் ஊரைத் தாண்டி ஒரு மேடு வரைக்கும் மட்டும் நடந்துவிட்டுச் சேவ் செய்தேன்.